துல்லியம் ஒளிமூலத்திலா, ஒளி செல்லும் வழியிலா? எக்ஸைமர் லேசர் கருவி வடிவமைப்பு தரும் பாடங்கள்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிக் கண் மருத்துவமனைகளுக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடும் ஆசையோடு வருவோர் பலர். அவர்கள் கேட்டு வரும் லாசிக் சிகிச்சையின் வேர், சென்னையில் பிறந்தவர் ஒருவரின் ஆய்வில் இருக்கிறது. 1929இல் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், 1981இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் சேர்ந்து, 193 நானோமீட்டர் ஆர்கன் ஃபுளோரைடு எக்ஸைமர் லேசர் அக்கம்பக்கத்தைக் கருக்காமல் திசுவைச் செதுக்குவதைக் கண்டறிந்தார். அக்கண்டுபிடிப்பை நம்பகமான கருவியாக்குவது ஒளிமூலத்தைவிட, ஒளி கடக்கும் வழியும் அதைத் தாங்கும் உறுப்புகளுமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பிழைக்கு எவ்வளவு இடம் உண்டு என்று பார்ப்போம். ஒரு லேசர் துடிப்பு கருவிழியில் சுமார் 0.25 மைக்ரான் ஆழம் எடுக்கும். செதுக்கும் ஆழத்தைக் கணக்கிடும் மன்னர்லின் சூத்திரப்படி, 6 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு டயாப்டர் கிட்டப்பார்வையைத் திருத்த 12 மைக்ரான் நீக்க வேண்டும். நான்கு டயாப்டருக்கு 48 மைக்ரான். இதில் ஆழம் பத்து விழுக்காடு குறைந்தால் 0.4 டயாப்டர் பவர் மிஞ்சிவிடும்.

அந்தப் பிழை நுழையும் முதல் வாசல் காற்று. 193 நானோமீட்டர் ஒளியை ஆக்சிஜன் உட்கவர்ந்து ஓசோனாக மாறும். அதனால்தான் கருவிக்குள் ஒளிப்பாதையில் நைட்ரஜனைச் செலுத்துகிறார்கள். ஆனால் கண்ணை எட்டும் கடைசித் தொலைவு திறந்த அறைக்காற்றில்தான். கருவிழியின் ஈரப்பதமும் அறையின் ஈரப்பதத்தைச் சார்ந்தது. ஈரம் கூடினால் செதுக்கும் ஆழம் குறையும். சென்னைக் கடற்காற்றை ஏசியால் குளிர்விப்பது மட்டும் போதாது. குளிர்ந்த காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறும் என்பதால், ஈரநீக்கம் தனியாக வேண்டும்.

இரண்டாவது வாசல் தாங்கி. 50 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு அலுமினியத் தூண்கள் ஓர் ஆடியைத் தாங்குவதாகக் கொள்வோம். உயரம் தலா 100 மில்லிமீட்டர். ஒரு தூண் மட்டும் 1°செ. கூடுதலாகச் சூடேறினால் 2.3 மைக்ரான் நீளும். ஆடி ஏறத்தாழ 10 விகலை சாயும். எதிரொளித்த கற்றை அதைப்போல் இருமடங்கு திரும்பி, ஒரு மீட்டர் தள்ளி 0.1 மில்லிமீட்டர் விலகி விழும். ஆடியின் பரப்பை எவ்வளவு நேர்த்தியாக மெருகேற்றினாலும் இந்த விலகல் குறையாது. எனவே கவனிக்க வேண்டியது தாங்கும் முறையை: ஆடியின் ஆறு இயக்கங்களுக்கு ஆறே தொடுபுள்ளிகள் தரும் கூம்பு, பள்ளம், தட்டை அமைப்பு நிலையானது. கூடுதலாக இறுக்கும் ஒவ்வொரு திருகும் ஆடியை வளைக்கும்.

விலையுயர்ந்த லேசர் வாங்கினால் இவை தீரும் என்பார்கள். ஆனால் மூலம் எவ்வளவு சீராக இருந்தாலும், 193 நானோமீட்டர் ஒளி காலப்போக்கில் லென்ஸ்களையும் பூச்சுகளையும் சேதப்படுத்தி, வந்துசேரும் ஆற்றலைக் குறைக்கும். அதனால் லேசரின் வாயிலில் எடுத்த அளவு போதாது. கண் இருக்க வேண்டிய தளத்திலேயே, சிகிச்சைக்கு முன் அளந்து சரிபார்க்க வேண்டும். கிண்டியிலும் அடையாறிலும் ஒளியியல் பயிலும் மாணவர்களுக்குப் பிழைக்கணக்கைப் பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே வைக்க வேண்டும். சென்னையில் இயங்கும் கருவியின் ஒப்பந்தத்திலும் சென்னையின் வெப்பம், ஈரப்பதத்துக்கான வரம்புகள் எழுதப்பட வேண்டும்.