கறுப்புப் பெட்டியும் கள்ளிப்பாலும்

இன்னைக்கு ஒரு சிறுகதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஷெர்லி ஜாக்சன் எழுதிய 'தி லாட்டரி', 1948 ஜூனில் 'நியூயார்க்கர்' இதழில் வந்தது. சுமார் 300 பேர் வாழும் ஒரு கிராமம். வருஷா வருஷம் ஒரு கறுப்புப் பெட்டியிலிருந்து சீட்டு எடுப்பாங்க. புள்ளி வைத்த சீட்டு யாருக்கு வருதோ, அவரை ஊரே சேர்ந்து கல்லால் அடிக்கும். எதுக்குன்னு யாரும் கேட்கிறதில்லை. சடங்கில் பாதி மறந்துபோச்சு, கல் மட்டும் மறக்கலை. அம்மாவை அடிக்க, அவளோட சின்னப் பையன் கையிலும் யாரோ கூழாங்கல் கொடுக்கிறாங்க. கதை வந்ததும் பத்திரிகைக்கு நூற்றுக்கணக்கில் கடிதங்கள். இது எந்த ஊரில் நடக்குது, போய்ப் பார்க்கலாமான்னு கேட்டவங்களும் உண்டு!

அதைப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது தர்மபுரி.

1980, 90-களில் சேலம், தர்மபுரி, மதுரைப் பக்கக் கிராமங்கள் சிலவற்றில், பிறந்த பெண் குழந்தைக்குக் கள்ளிப்பாலோ நெல்மணியோ கொடுத்தாங்க. எல்லா வீட்டிலும் இல்லை. ஆனா அக்கம்பக்கத்துக்குத் தெரியும், யாரும் வாய் திறக்கலை. 2001 கணக்கெடுப்பில், ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு மாநிலத்தில் 942 பெண் குழந்தைகள். தர்மபுரி 900-ஐக்கூடத் தொடலை.

'காலங்காலமா இப்படித்தான்' என்று சொல்வதை நான் நம்பத் தயாரா இல்லை. இந்தப் பக்கம் பல சாதிகளில் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் கொடுத்தாங்க. வரதட்சணை அங்கே வந்தது போன நூற்றாண்டில். பாட்டிக்குப் பரிசம் வாங்கின வீடு, பேத்தி பிறந்ததும் பவுன் கணக்குப் போட்டுச்சு. மரபுன்னு சொன்ன கணக்குக்கு, பாட்டி வயசுகூட ஆகலை.

1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. உயிர்கள் பிழைத்தன, சரி. ஆனா பெண் பிள்ளையைக் கொண்டுபோய் விட ஒரு இடம் கிடைச்சதே தவிர, ஏன் விடணும்னு அந்தத் தொட்டில் கேட்கலை. அதைக் கேட்டது, என் பார்வையில், 90-களின் கடைசியில் ஊர் ஊராகப் போன கலைப்பயண வீதி நாடகங்கள்தான். வரதட்சணையையும் சிசுக்கொலையையும், அதுவரை வீட்டுக்குள்ளேயே முடிஞ்சுபோன விஷயத்தை, எல்லார் முன்னாலும் பேசினாங்க.

2011-ல் தர்மபுரி 900-ஐத் தாண்டிச்சு. ஆனா கருவின் பாலினத்தைச் சொல்வது 1994 சட்டப்படி குற்றமாக இருந்தும், திருட்டு ஸ்கேன் மெஷினோடு பிடிபட்டவர்கள் பற்றிய செய்தி இந்த மாவட்டத்திலிருந்து சமீப வருஷங்களிலும் வந்துட்டுத்தான் இருக்கு.