மரத்தடியில் சரிந்த அப்துல் காதிர்

1950 ஜூலை 27. தெற்குப் பிரான்ஸில் கடும் வெயில். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 13ஆம் கட்டம் பெர்பிஞானிலிருந்து நீம் நகரை நோக்கி நடந்துகொண்டிருந்தது. தூரம் 215 கிலோமீட்டர். வட ஆப்பிரிக்க அணியின் இருவர் ஏனைய வீரர்களை வெகுதூரம் பின்னே விட்டு விரைந்தனர். ஒருவர் மார்செல் மொலினெஸ். மற்றவர், நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு ஒலிக்கும் பெயரைக் கொண்ட அல்ஜீரிய முஸ்லிம், அப்துல் காதிர் ஸாஃப்.

1917இல் பிறந்த ஸாஃபுக்கு அப்போது வயது 33. அல்ஜீரியா பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த காலம் அது. ஐரோப்பிய வீரர்களே கோலோச்சிய பந்தயத்தில் ஓர் அல்ஜீரியர் முன்னணியில் செல்வதே அரிய காட்சி.

இலக்கு நெருங்கிய நேரத்தில் ஸாஃப் தள்ளாடினார், சாலையோரம் சரிந்தார். மரத்தடியில் கிடந்தவர், சிறிது நேரத்திற்குப் பின் எழுந்து, திசை புரியாமல் வந்த வழியிலேயே சைக்கிளை மிதிக்கத் தொடங்கினார். அன்றோடு அவ்வாண்டுப் பந்தயம் அவருக்கு முடிந்தது. மொலினெஸ் தனியே சென்று வென்றார். டூர் டி பிரான்ஸின் ஒரு கட்டத்தை வென்ற முதல் ஆப்பிரிக்க வீரர் அவரே.

ஆனால் உலகம் நினைவில் வைத்தது வெற்றியாளரை அன்று, வீழ்ந்தவரைத்தான். "திராட்சை மதுவைக் குடித்துப் போதையில் உறங்கிய முஸ்லிம்" என்னும் கதை பரவிற்று. மது அருந்தாத மனிதரின் மயக்கத்தைத் தெளிவிக்க, அருகிலிருந்தோர் கையிலிருந்த மதுவை அவர்மீது தெளித்தனராம். அந்த வாடையே கதைக்கு வித்தானது என்பது மற்றொரு விளக்கம். வெயிலோடு, அக்கால வீரர்களிடையே புழங்கிய ஊக்க மருந்தும் காரணமாகலாம் என்று ஐயுறுவோரும் உண்டு. எதற்கும் உறுதியான சான்று இல்லை. எனினும், நகைப்புக்குரிய கதையே நிலைத்தது.

அக்கதையால் ஸாஃபின் புகழ் வளர்ந்தது. பல பந்தயங்களுக்கு அழைப்புகள் வந்தன. தம் மார்க்கம் விலக்கிய ஒன்றின் பெயரால் அறியப்படுவது ஒரு முஸ்லிமுக்கு எத்தகைய புகழ்!

பலர் பேசாத செய்தி ஒன்றுண்டு. மறு ஆண்டே ஸாஃப் திரும்பி வந்தார். ஏறத்தாழ 4,700 கிலோமீட்டர் நீண்ட 1951ஆம் ஆண்டுப் பந்தயத்தை முழுமையாக ஓட்டி முடித்தார். நிறைவு செய்த 66 பேரில் அவர் 66ஆவது இடம். கடைசி இடம்தான், ஆயினும் பாதியில் விலகியோர் பலரிருக்க, அவர் பாரிஸை அடைந்தார்.

முதுமையில் நீரிழிவு அவரை வாட்டியது, பார்வை மங்கியது. 1986இல் அவர் காலமானார். மதுக்கதை மட்டும் இன்றும் சொல்லப்படுகிறது.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறும், அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதிருக்குமாறும் அல்ஹுஜுராத் அத்தியாயம் நம்மைப் பணிக்கிறது. மிகையான ஐயத்தையும் அது தடுக்கிறது. அவர் நம்மவர் என்பதற்காக, நாம் காணாத ஒன்றுக்குச் சாட்சி சொல்வதும் முறையன்று. அறிந்ததை அறிந்த அளவில் சொல்வதே நீதி. இன்று கைப்பேசியில் ஒருவரைப் பற்றி வரும் கேலிச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன், அந்த மரத்தடியை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.

அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்தருள்வானாக! உண்மையை அவனே நன்கறிந்தவன்.