கூரைக்கு அடுத்த வரி

பேரிடர் ஒன்று பள்ளியை வீழ்த்தியதும் நாம் முதலில் தேடுவது கூரை. அடுத்துத் தேடுவது பாடநூல். விளையாட்டுக் கருவிகளோ நன்கொடைப் பட்டியலின் கடைசி வரியில் நிற்கின்றன. பணம் குறைந்தால் முதலில் அடிபடுவதும் அவ்வரியே. “நிலையான கட்டடம் எழும்பட்டும், பிறகு பார்க்கலாம்” என்று நமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொள்கிறோம். அந்தப் ‘பிறகு’ எத்துணை நீளமானது என்பதை வரலாறு காட்டுகிறது.

இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டு கட்டாயக் கல்வியின் வயது வரம்பு 14இலிருந்து 15ஆக உயர்ந்தது. கூடுதல் மாணவருக்கென அரசு பள்ளி வளாகங்களில் கான்கிரீட் கொட்டகைகளை விரைந்து எழுப்பியது. தற்காலிகம் எனப்பட்ட அவற்றுட் சில அரை நூற்றாண்டையும் கடந்து நின்றன. கொட்டகை காத்திருக்கும், பிள்ளையின் பத்து வயது காத்திராது.

ஜப்பானில் 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை தாக்கிய வடகிழக்குக் கரையில் சமநிலம் அரிது. எனவே பள்ளிகள் பலவற்றின் விளையாட்டுத் திடல்களிலேயே தற்காலிக வீடுகள் அமைந்தன. வீடிழந்தோருக்கு இடம் தந்தது நியாயமே. ஆயினும் அதன் விலையைச் செலுத்தியோர் சிறுவர்.

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். பல்லாயிரம் வகுப்பறைகள் தகர்ந்தன. மே 31 அன்று மூங்கிலாலும் தகரத்தாலும் தார்ப்பாயாலும் ஆன கற்றல் மையங்களில் பிள்ளைகள் மீண்டும் கூடினர். அஞ்சிய உள்ளங்களைப் பாடத்திற்குத் திருப்பும் முன், ஆடலும் பாடலுமே அவர்களைத் தேற்றின.

இத்தகைய சூழலுக்கென யூனிசெப் நிறுவனம் ஒரு விளையாட்டுப் பெட்டியை வகுத்துள்ளது. பந்துகள், அணிகளைப் பிரித்துக் காட்டும் வண்ண மேலாடைகள், ஊதல், எல்லை வரையச் சுண்ணக்கட்டி, அளவுநாடா ஆகியவை அதில் உண்டு. பள்ளி இடம்பெயர்ந்தால் பெட்டியும் உடன் செல்லும். தரையில் புதைத்த ஊஞ்சல் செல்லாது. ஆயினும் பந்து கிழியும், வலை அறும். ஒரு முறை ஈந்து ஓய்வது போதாது. ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்கப்பட வேண்டும்.

விளையாட்டு குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை தன் 31ஆம் பிரிவில் ஏற்றது. நம் நாட்டின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் வகுப்புதோறும் விளையாட்டுப் பொருள்கள் வழங்கப்பட வேண்டும் என்கிறது. உரிமையெனச் சட்டம் ஏற்றதை நாம் இன்னும் உபரியெனக் கணக்கெழுதலாமா? அடுத்த முறை பட்டியல் எழுதுங்கால், கூரைக்கு அடுத்த வரியிலேயே பந்தையும் எழுதுவோம்.