குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுத்த நகரம்

ஆம்ஸ்டர்டாமின் கிழக்கு விளிம்பில் பெட்டோன்டோர்ப் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. 'கான்கிரீட் கிராமம்' என்று மக்கள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. நகராட்சி ஏட்டில் இருந்த பெயரை யாரும் சொல்வதில்லை. 1923 முதல் 1925 வரையிலான காலத்தில் எழுந்தது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு செங்கல் விலை ஏறிக் கிடந்தது, கைதேர்ந்த கொத்தனாருக்கும் தட்டுப்பாடு. அதனால் நகராட்சி பலவிதக் கான்கிரீட் கட்டுமுறைகளைச் சோதித்துப் பார்த்து ஏறத்தாழ 900 வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டது. தெருக்களுக்கு வயல் தெரு, கலப்பைத் தெரு, பால்பண்ணைத் தெரு என்ற பொருளில் பெயர்கள். நடுவில் ஒரு சதுக்கம், அதைச் சுற்றி நூலகம், சங்கக் கூடம், கடைகள். மதுக்கடை கிடையாது, தேவாலயமும் கிடையாது. திட்டமிட்டவர்கள் சோஷலிஸ்டுகள், உழைப்பாளிக் குடும்பத்துக்கு இரண்டுமே கூடாது என்று முடிவு கட்டியிருந்தார்கள். 1947இல் ஒரு காய்கறிக் கடைக்காரருக்குப் பிறந்து இங்கே வயல் தெருவில் வளர்ந்த பையன்தான் கால்பந்து வீரர் யோஹன் க்ரைஃப். அயாக்ஸ் அணியின் பழைய மைதானம் அங்கிருந்து கூப்பிடு தூரம். எழுத்தாளர் ஹெரார்ட் ரேவ வளர்ந்ததும் இதே குடியிருப்பில்தான்.

அமைதியான தெரு, சிறு தோட்டம், வாசலில் குழந்தைகளின் சைக்கிள். டச்சு நகரங்களில் வாடகைக்கு வீடு தேடும் குடும்பங்கள் கேட்பது இதைத்தான். இந்த அமைதி டச்சுக்காரர்களின் பிறவிக் குணம் என்று நினைப்பவர்கள் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அவர்கள் ஆம்ஸ்டர்டாமைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தொழில் தேடி வந்தவர்களால் அந்த நகரம் பிதுங்கியது. யோர்டான் பகுதியில் ஒரே அறைக்குள் ஒரு குடும்பம். சுவரில் பதித்த மரப்பெட்டி போன்ற படுக்கை. இரவில் அதற்குள் ஏறிப் படுத்துக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியது. அதன் அடியில் இழுப்பறை போல இருந்த இடத்தில் பிள்ளைகள். கால்வாய் மட்டத்துக்குக் கீழே நிலவறைகளில் குடியிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். சுவர் வருஷம் முழுக்க ஓதமடித்தது, நீர் ஏறினால் தரையும் நனைந்தது. வாரம் தவறாமல் வாடகை வசூலானது. வீட்டுக்காரர் ஓட்டையை அடைத்தாரா என்று கேட்க எந்தச் சட்டமும் இல்லை.

1901இல் பியர்சன் அமைச்சரவை கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம் இதை மாற்றியது. சட்டம் வேலைசெய்த விதம் எளிது. ஒவ்வொரு நகராட்சியும் கட்டட விதிகள் வகுக்க வேண்டும். குடியிருக்கத் தகாத வீட்டைப் பூட்டலாம். 10,000 பேருக்கு மேல் வாழும் ஊர்கள் விரிவாக்கத் திட்டம் போட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது கடன். லாபத்துக்காக அல்லாமல் வீட்டுவசதிக்காக மட்டுமே இயங்கும் சங்கங்களுக்கு அரசு நகராட்சி வழியாக நீண்ட காலக் கடன் கொடுத்தது. சங்கம் வீடு கட்டும், வாடகை வாங்கும், கடனை அடைக்கும், மிச்சம் இருந்தால் அடுத்த வீட்டைக் கட்டும். டிராம் ஊழியர்கள் 1903இல் தொடங்கிய ராச்டேல் சங்கம்தான் ஆம்ஸ்டர்டாமில் இந்தச் சட்டத்தின் கீழ் முதலில் வீடு கட்டியது. 1909இல் எழுந்த அந்த வீடுகளை வரைந்தவர் யான் வான் டெர் பெக்.

தொழிலாளிக்கு நல்ல வீடு போதாது, அழகான வீடும் வேண்டும் என்று ஒரு கூட்டம் பிடிவாதம் பிடித்தது. நகராட்சியில் ஃப்ளோர் விபாவுட்டும் வீட்டுவசதித் துறைத் தலைவர் ஆரி கெப்ளரும் அதற்குத் துணை நின்றார்கள். ஸ்பார்ன்டாம் பகுதியில் ஐகன் ஹார்ட் சங்கத்துக்காக மிஷெல் டி கிளெர்க் 1919இல் தொடங்கி 1921 வாக்கில் முடித்த 'கப்பல்' கட்டடம் அந்தப் பிடிவாதத்தின் உச்சம். 102 வீடுகள், ஒரு தபால் நிலையம், ஒரு கூட்ட அறை. செங்கல்லை அலை போல வளைத்திருக்கிறார். சுருட்டு வடிவில் ஒரு மூலை வெளியே பிதுங்கி நிற்கிறது. எதற்கும் பயன்படாத ஒரு கோபுரம் உச்சியில். செலவு அதிகம் என்று அன்றே முணுமுணுத்தார்கள். ஆனால் கூலி வேலை செய்பவர் தபால்தலை வாங்கப் போன அறை, பணக்கார வங்கியின் கூடத்தைவிடக் கவனமாக வடிவமைக்கப்பட்டிருந்தது. டி கிளெர்க் 1923இல் தம் 39ஆவது பிறந்தநாளன்று இறந்துபோனார். அந்தக் கட்டடத்தில் இன்றும் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். ஒரு பகுதி மட்டும் அருங்காட்சியகம்.

இதுவரை கதை இனிக்கிறது. யாருக்கு வீடு கொடுத்தார்கள் என்று கேட்டால் கொஞ்சம் கசக்கும்.

லண்டனில் ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி ஏழைகளின் வீடுகளை நிர்வகிக்க ஒரு முறை வைத்திருந்தார். படித்த பெண்கள் வாரந்தோறும் நேரில் போய் வாடகை வாங்குவார்கள். அந்தச் சாக்கில் வீட்டையும் பார்ப்பார்கள். யோஹானா தெர் மியூலன் அதைக் கற்றுக்கொண்டு 1890களில் ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுவந்தார். யோர்டானில் லூயிஸ் வெந்த் இதே பணியை ஏற்றார். வான் டெர் பெக்கின் மனைவி அவர். கணவர் வீடு கட்ட, மனைவி குடித்தனம் பார்க்க என்று வேலை பிரிந்தது. 1899இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளி இந்த மேற்பார்வையாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. அவர்கள் கனிவானவர்கள்தான். கூரை ஒழுகினால் சங்கத்திடம் சண்டை போட்டுச் சரிசெய்ய வைத்தார்கள், வேலை போனவருக்குத் தவணை கொடுத்தார்கள். கூடவே படுக்கை விரிப்பு வெளுத்திருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, கணவர் குடிக்கிறாரா என்றும் குறித்துக்கொண்டார்கள். புது வீட்டுக்கு விண்ணப்பித்தவரின் பழைய வீட்டைப் போய்ப் பார்த்த பிறகே சாவி கைக்கு வந்தது. நம்மூரில் வீட்டுக்காரர் சாதி கேட்பார், அசைவம் சமைப்பீர்களா என்று கேட்பார். அங்கே நகராட்சியே அடுக்களைக்குள் வந்து பார்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் இந்தப் பழக்கம் நீடித்தது.

தேறாதவர்கள் என்ன ஆனார்கள்? அதற்கும் நகராட்சி ஒரு கிராமம் கட்டியது. ஆம்ஸ்டர்டாம் வடக்கில் 1926–27இல் எழுந்த ஆஸ்டர்டோர்ப்: 132 வீடுகள், சுற்றிலும் மதில், உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாசல். 'சேர்க்கத் தகாத குடும்பங்கள்' என்பது அலுவலக மொழி. வாடகை பாக்கி, ஓயாத சண்டை, அழுக்கு வீடு, இதில் ஏதாவது ஒன்று போதும். இங்கே மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் குடித்தனம் நடத்தப் பழகி, தேர்ச்சி பெற்றால் சாதாரண வீட்டுக்குப் போகலாம் என்பது ஏற்பாடு. அதே காலத்தில் நகரின் கிழக்கில் இன்னொன்று. ஹேக் நகரில் அதற்கும் முன்பே ஒன்று. நோக்கம் நல்லதுதான் என்று கெப்ளர் தரப்பு சொன்னது. ஆனால் ஆஸ்டர்டோர்ப் என்று முகவரி சொன்னாலே வேலை கிடைக்காத நிலை வந்தது. கான்கிரீட் கிராமத்தைக் கட்டிய கைதான் இந்த மதிலையும் எழுப்பியது. அங்கே அமைதி குலையாமல் இருக்க, இங்கே சிலரை அடைக்க வேண்டியிருந்தது.

1940 மே மாதம் ஜெர்மானியக் குண்டுவீச்சில் வீடிழந்த ராட்டர்டாம்காரர்கள் ஆஸ்டர்டோர்பில் தங்கினார்கள். 1942இல் யூதக் குடும்பங்களை அதே மதிலுக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள். அங்கிருந்து அவர்களை வதை முகாம்களுக்கு அனுப்பினார்கள். 1955இல் வீடுகளை இடித்தார்கள். வாசல் கட்டடம் மட்டும் நிற்கிறது.

நகரின் தெற்கே கதை வேறு மாதிரி. கட்டடக் கலைஞர் பெர்லாஹ 1917இல் போட்ட திட்டப்படி அகலமான சாலைகளும் புல்வெளிச் சதுக்கங்களுமாக ஒரு பகுதி உருவானது. நடுத்தர வர்க்கத்துக்கான வாடகை வீடுகள். 1930களின் தொடக்கத்தில் பொருளாதார மந்தம் வந்து பல வீடுகள் காலியாகவே கிடந்தன. அந்த நேரத்தில்தான் ஹிட்லருக்குத் தப்பிய ஜெர்மன் யூதர்கள் வந்து சேர்ந்தார்கள். மெர்வடேப்ளைன் சதுக்கத்தில் 37ஆம் எண் கட்டடத்தில் ஒரு மாடியை ஓட்டோ ஃப்ராங்க் 1933 கடைசியில் வாடகைக்கு எடுத்தார். நல்ல வெளிச்சம், சதுக்கத்தில் விளையாடப் பிள்ளைகள், நடக்கும் தூரத்தில் பள்ளி. பின்னாளில் நாட்குறிப்பால் அறியப்பட்ட மகள் ஆன் அங்கே எட்டு ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்தாள். 1941 ஜூலையில் பக்கத்து வீட்டு மணப்பெண் கிளம்பும்போது யாரோ படம் பிடித்தார்கள். சில விநாடிகள் கேமரா மேலே திரும்ப, பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கும் ஆன் தெரிகிறாள். அவள் இருக்கும் அசையும் படம் அது ஒன்றுதான். அடுத்த ஆண்டு ஜூலையில் குடும்பம் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பி ஒளிந்துகொண்டது.

போருக்குப் பின் பஞ்சம் சோற்றுக்கு மட்டும் வரவில்லை, கூரைக்கும் வந்தது. 1947இன் சட்டப்படி நகராட்சி அனுமதி இல்லாமல் வீடு மாற முடியாது. பெரிய வீட்டில் சும்மா கிடக்கும் அறையை அது எடுத்து இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கலாம். கல்யாணமான பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பெற்றோர் வீட்டு மாடியறையில் காலம் தள்ளினார்கள். வாடகையை அரசே கட்டுப்படுத்தியது. இதெல்லாம் செய்தும் தட்டுப்பாடு தீரவில்லை. 1980 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமின் வோன்டெல் தெருவில், காலி வீட்டில் புகுந்தவர்கள் போட்ட தடுப்புகளை அகற்ற ராணுவ டாங்கி வந்தது. அடுத்த மாதக் கடைசியில் பேயாட்ரிக்ஸ் அரசியாகப் பதவியேற்ற நாளில் வீடில்லாத இளைஞர்கள் தெருவில் போலீஸாரோடு மோதினார்கள்.

குடும்பத் தெரு என்று இன்று நாம் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கார். 1960களில் கார்கள் பெருகி, விளையாடும் இடத்தைத் தின்றன. 1971இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தார்கள். மகளை அப்படி இழந்த பத்திரிகையாளர் விக் லாங்கென்ஹாஃப் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற இயக்கம் பிறந்தது. டெல்ஃப்ட் நகரில் ஏற்கெனவே சில தெருக்களில் நடைபாதையையும் சாலையையும் ஒரே மட்டமாக்கி, செடித் தொட்டியும் வளைவும் வைத்து, கார் நடை வேகத்துக்கு மேல் போக முடியாதபடி செய்திருந்தார்கள். 1976இல் அது சட்டமானது. வீடும் குழந்தையும் பந்தும் வரைந்த நீலப் பலகை இருந்தால் அந்தத் தெருவில் விளையாடுபவருக்கே முன்னுரிமை. கார் அங்கே வழி கேட்டுத்தான் போக வேண்டும்.

தமிழர்களுக்கும் இந்த வரலாற்றில் ஒரு வரி உண்டு, இனிமையான வரி அல்ல. 1980களின் நடுவில் இலங்கையிலிருந்து தஞ்சம் தேடி வந்த தமிழர்களுக்கு, மற்றவர்களுக்குக் கிடைத்த உதவித்தொகையும் வீட்டு உரிமையும் வேண்டாம் என்று முடிவுசெய்து, 1985இல் 'கட்டில், குளியல், ரொட்டி' என்று பேர்போன தனி ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. விடுதிகளில் படுக்கை, சாப்பாடு, வாரக் கைச்செலவுக்குச் சிறு தொகை, அவ்வளவே. 1987இல் எல்லாத் தஞ்சக் கோரிக்கையாளருக்குமான முறைக்கு இதுவே முன்னோடியானது. தகுதியானவருக்கு வீடு, மற்றவருக்கு மதில் என்ற பழைய கணக்கு வேறு உருவில் திரும்பியிருந்தது.

இன்றைக்கு மேற்பார்வையாளர் வந்து விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதில்லை. இப்போது அளக்கப்படுவது வீடு. 1979இல் அறிமுகமான புள்ளி முறையில் அறையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு புள்ளி. அடுக்களை மேடை இரண்டு மீட்டர் நீளம் இருந்தால் ஏழு, ஒன்றிலிருந்து இரண்டுக்குள் என்றால் நான்கு, அதற்கும் குறைந்தால் ஒன்றுமில்லை. வெந்நீர்க் குழாய் சூடேற்றும் அறைக்குத் தனிப் புள்ளி, எரிசக்திச் சிக்கனத் தரத்துக்குத் தனி. மொத்தம் சேர்ந்ததும் அதிகபட்ச வாடகை வந்துவிடும். 2024 ஜூலை முதல் 186 புள்ளி வரையுள்ள தனியார் வீடுகளும் இந்தக் கட்டுக்குள் வந்தன. வாடகை கூடுதல் என்று தோன்றினால் அளவு நாடாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, முதன்முதலில் 1917இல் அமைந்த வாடகைக் குழுவிடம் போகலாம். அந்த 2024 சட்டம் வந்ததும் பல தனியார் உரிமையாளர்கள் குடித்தனக்காரர் காலி செய்த வீடுகளை விற்கத் தொடங்கினார்கள் என்பது மறுபக்கம்.

சங்க வீட்டின் சாவி கிடைத்து உள்ளே போனால் புதிதாக வருபவர் திகைப்பது தரையைப் பார்த்துத்தான். வெறும் சிமென்ட். மரப்பலகையோ விரிப்போ குடியிருப்பவர் போட்டுக்கொள்வது. போகும்போது பெயர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், அல்லது அடுத்து வருபவரிடம் பேசி விலைக்குத் தள்ளிவிட வேண்டும். திரைச்சீலைக் கம்பி, விளக்கு எல்லாம் அப்படியே. வாடகை ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு இருக்காது, வீட்டுக்காரர் நினைத்தபடி எழுப்ப முடியாது. ஆகவே இருபது வருஷம் இருக்கப்போகும் வீட்டுக்குத் தரை போடுவதை யாரும் வீண் செலவாக நினைப்பதில்லை.

கிடைத்தால்தானே. நாட்டின் மொத்த வீடுகளில் கால் பங்குக்கும் மேல் இன்னும் சங்கங்களின் கையில். 1995இல் அரசு அவற்றோடு கடனையும் மானியத்தையும் கழித்துக்கொண்டு ஒதுங்கியது. 2013இலிருந்து பத்து ஆண்டுகள் அவற்றின்மேல் தனி வரியும் போட்டது. கட்டுவது குறைந்தது, விற்பது கூடியது. ஆம்ஸ்டர்டாமில் சங்க வீட்டுக்கான வரிசை பத்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 2023இலிருந்து அங்கே காத்திருப்பதற்குப் புள்ளி, விடாமல் விண்ணப்பிப்பதற்குப் புள்ளி, இக்கட்டில் இருக்கும் குடும்பத்துக்குப் புள்ளி. பதினெட்டு வயதில்தான் பெயரைப் பதிய முடியும் என்பதால், விவரம் தெரிந்த பெற்றோர் பிள்ளையின் பதினெட்டாவது பிறந்தநாளன்றே பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.