ஓட்டக்காரி – 3: தோஹாவில் சாத்திய கதவு

போன வாரம் சாந்தியைத் தோஹா மைதானத்தில், மூச்சு வாங்க, கழுத்தில் வெள்ளிப் பதக்கத்தோடு விட்டுவிட்டு வந்தோம். அப்புறம் என்ன ஆச்சு?

சொல்கிறேன். அதற்கு முன் ஓர் எண்ணை மட்டும் மனதில் முடிந்துகொள்ளுங்கள்.

0.03.

2006 ஆசிய விளையாட்டு, 800 மீட்டர் இறுதிப் போட்டி. பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமாலுக்குத் தங்கம். சாந்தி சௌந்தரராஜன் 2 நிமிடம் 3.16 நொடி. கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவா 2 நிமிடம் 3.19 நொடி. நடுவில் இருந்தது அவ்வளவுதான். ஒரு நொடியை நூறாக நறுக்கினால் அதில் மூன்று துண்டு.

அந்த மூன்று துண்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் செங்கல் சூளையில் கூலி வேலை. ஐந்து பிள்ளைகளில் இவள் மூத்தவள். வீட்டுக்கு வெளியே மண்ணைச் சீர் செய்து ஓடப் பழக்கியவர் தாத்தா. முதல் ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். முந்தைய வருடம் இன்சியானில் நடந்த ஆசிய தடகளத்தில் வெள்ளி வாங்கியிருந்தாள். இப்போது தோஹாவிலும் வெள்ளி.

பதக்கம் வாங்கியபின் அழைப்பு வந்தது. டெஸ்ட் எடுக்க வேண்டும்.

சாந்தி போனாள்.

ஏன், எதற்கு என்று அவள் கேட்டிருக்கக் கூடாதா? கேட்கத் தோன்றியிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். ஊக்கமருந்து சோதனைக்கு ரத்தமும் சிறுநீரும் கொடுத்துப் பழகிய உடம்பு அது. டாக்டர் கையை நீட்டச் சொன்னால் நீட்டுவோம். நம் ஊர்களில் அப்படித்தான் வளர்கிறோம்.

கதவு சாத்தப்பட்டது.

உள்ளே நடந்ததைச் சாந்தியே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ரத்தம் எடுத்தார்கள். உடைகளைக் களையச் சொன்னார்கள். சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்கள் பேசிய மொழி அவருக்குப் புரியவில்லை. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அது பாலினப் பரிசோதனை. இப்படிப்பட்ட பரிசோதனைக் குழுவில் மகளிர் நோய் மருத்துவர், ஹார்மோன் நிபுணர் இவர்களோடு ஓர் உளவியல் நிபுணரும் இருப்பது அன்றைய வழக்கம். அங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணை, அவள் மொழி தெரியாமல், ஒரே சந்திப்பில் பார்த்துவிட்டு, அவள் மனசுக்குள் தன்னை யாராக உணர்கிறாள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தத் தராசில் வைத்து?

அந்த அறைக்குள் நுழைந்த அறிவியல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு பூனையிடமிருந்து! கனடாவில் முர்ரே பார் என்பவர் 1949-ல் பூனையின் நரம்பணுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பெண் பூனையின் அணுவில் ஒரு சின்னக் கரும்புள்ளி. ஆண் பூனையிடம் அது இல்லை. நேர்மையான, அருமையான கண்டுபிடிப்பு. விளையாட்டு அதிகாரிகள் அந்தப் புள்ளியைப் பெண்கள் போட்டிகளின் வாசல் காவலாளியாக நிறுத்தினார்கள். வாய்க்குள் ஒரு குச்சியால் லேசாகச் சுரண்டு. புள்ளி இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

போலந்தின் ஏவா க்ளோபுகோவ்ஸ்கா, டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத் தங்கம் வென்றவள். 1967-ல் க்ரோமோசோம் சரியில்லை என்று அவளைத் துரத்தினார்கள்.

மறு வருடம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

அப்போதாவது நிறுத்தினார்களா? இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 பெண்களைச் சோதித்தார்கள். 8 பேர் தேறவில்லை. மேற்கொண்டு பார்த்துவிட்டு அந்த எட்டுப் பேரையும் போட்டியிட அனுமதித்தார்கள். அப்படியென்றால் அந்தச் சோதனை எதைத்தான் கண்டுபிடித்தது? 1999-ல் ஒலிம்பிக் குழுவே எல்லோருக்கும் சோதனை என்ற வழக்கத்தைக் கைவிட்டது. ஆனால் ஒரு சின்னச் சந்து மட்டும் திறந்தே இருந்தது. சந்தேகம் வந்தால் சோதிக்கலாம்.

அந்தச் சந்து வழியாகத்தான் சாந்தியை இழுத்துப் போனார்கள்.

அறிவியல் மேல் எனக்குக் கோபம் கிடையாது. க்ரோமோசோம் எப்படி, ஹார்மோன் எவ்வளவு என்று அது சொல்லும், சொல்லட்டும். "ஆகவே நீ பெண் இல்லை" என்கிற கடைசி வரி எந்தச் சோதனைக் குழாயிலும் ஊறி வருவதில்லை. அதை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்தான் எழுதுகிறார்கள். அவசரமாக எழுதுகிறார்கள். தங்கள் தலைக்குமேல் பிரச்சினை வரக் கூடாது என்று எழுதுகிறார்கள்.

சாந்தி ஊர் திரும்பினார். தான் தேறவில்லை என்ற சேதி அவருக்கு எப்படித் தெரிந்தது?

டிவியில்.

வீட்டில், செய்தியில், ஊரோடு சேர்ந்து அவரும் பார்த்தார். பதக்கம் போனது. வெள்ளி யலோவ்ட்சேவாவுக்குப் போனது. பரிசோதனை அறிக்கையைத் தன் கையில் யாரும் தரவில்லை என்று சாந்தி பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றைய முதல்வர் கருணாநிதி மட்டும் பின்வாங்கவில்லை, 15 லட்சம் ரூபாய் பரிசைக் கொடுத்தார். ஆனால் தெருவில் நடக்கும்போது பின்னால் எழும் கிசுகிசுப்பை எந்தப் பணம் அடக்கும்? மறு வருடம் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். பிற்பாடு அப்பா, அம்மா வேலை பார்த்த அதே செங்கல் சூளையில், கூலிக்குக் கல் சுமந்தார்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் இதைப் படிக்கும் தங்கைகளே, வேலைக்குச் சேரும்போது உங்களுக்கும் மெடிக்கல் டெஸ்ட் எடுத்திருப்பார்கள். ரத்தம் எதற்கென்று கேளுங்கள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். அன்று தோஹாவில் சாந்திக்கு அதைச் சொல்லித்தர ஒருவரும் இல்லை.

எட்டு வருடம் கழித்து அதே கதவு இன்னொருத்திக்காகத் திறந்தது. ஒடிசாவில் நெசவாளர் வீட்டு ஓட்டக்காரி, டூட்டி சந்த். உடம்பில் ஆண் ஹார்மோன் அதிகம், மருந்து சாப்பிட்டுக் குறைத்துக்கொண்டு வா என்றார்கள்.

அவள் முடியாது என்றாள்.

வழக்கு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. உலக தடகளச் சங்கத்தின் நிபுணர்களைப் பார்த்து நடுவர்கள் கேட்டது ஒன்றுதான். இந்த ஹார்மோன் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு கூடுதல் வேகம் தருகிறது? ஆதாரம் எங்கே?

நிபுணர்கள் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அடுத்த வாரம் லோசானில் சந்திப்போம்.