டாங்க் என்றொரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக ஓர் ஆங்கிலச் செய்தியை வகுப்பில் கொடுத்தேன். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்த செய்தி. குளக்கோட்டன் பெயரோடு சேர்த்து நம் முன்னோர் போற்றிய குளம் அது. செய்தியில் 'டாங்க்' என்றிருந்தது. மாணவன் ஒருவன் "கந்தளாய்த் தண்ணீர்த் தாங்கி வெடித்தது" என்று எழுதி வந்தான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன வெள்ளமல்லவா அது!

பிழை அவனுடையது மட்டுமா? அந்தச் சொல்லே பல ஊர்த் தண்ணீர் குடித்தது. குஜராத்தியில் நிலத்தடி நீர்த்தொட்டிக்கு வழங்கிய சொல்லும், போர்த்துக்கேயர் நீர்நிலையைச் சுட்டிய 'தான்க்கே'யும் கலந்து பிறந்ததென்பர் அகராதிக்காரர். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆங்கிலேயர் நம் குளங்களுக்கெல்லாம் அதையே சூட்டினர். பின்னர் அது இரும்புக் கொள்கலனுக்கும் பெயராயிற்று. முதலாம் உலகப் போரில் பிரித்தானியர் புதிய போர்வண்டியை இரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்க் கொள்கலன் செய்வதாகச் சொல்லி வைத்தனர். பொய்ப்பெயரே நிலைத்துவிட்டது. 1916 செப்டெம்பர் 15இல் பிரான்சின் சொம் போர்க்களத்தில் அவ்வண்டி முதன்முதல் உருண்டது.

எங்கள் திருகோணமலையிலே இன்னொன்றும் உண்டு. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள். 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் விமானத் தாக்குதலில் ஒன்று எரிந்தது. ஆங்கிலத்துக்கு அதுவும் 'டாங்க்'தான். தமிழோ குளம், தாங்கி, குதம், டாங்கி என நான்காய்ப் பிரித்து வைத்திருக்கிறது. தாங்குவதால் 'தாங்கி' என்று ஒலியையும் பொருளையும் ஒருங்கே பிடித்தவர் யாரோ, கெட்டிக்காரர்.

அந்த மாணவனின் பெற்றோர் எனது ஊரான திரியாயைச் சேர்ந்தவர்கள். 1985இல் ஊர் எரிய, நாங்களெல்லாம் இடம்பெயர்ந்தோம். அவன் பிறந்தது முகாமில். பவுசர் கொண்டுவந்து தாங்கியில் ஊற்றுவதே அவன் கண்ட தண்ணீர். கட்டு, அலைகரை, துருசு, வான், கீழே வயல் என்று எங்கள் வீட்டுப் பேச்சில் புழங்கிய சொற்கள் அவனுக்கு அகராதிச் சொற்களாகிவிட்டன. தாளில் சிவப்பு மை போட எனக்குக் கை எழவில்லை.

மாரி முடிந்ததும் அவனைத் திரியாய்க்குக் கூட்டிப்போனேன். மீளக் குடியேறியிருந்த பெரியப்பா குளக்கட்டில் நின்றார்.

"வான் பாயுது, பாத்தியோ தம்பி?"

பையன் வானத்தை அண்ணாந்து பார்த்தான். பெரியப்பா சிரிக்கவில்லை, அவன் கையைப் பிடித்துக் கட்டு வழியே நடத்திக்கொண்டு போனார்.