வசைப்பாட்டும் மறுமொழியும்

அடக்குமுறையை எதிர்த்தெழும் பாட்டு ஆள்வோரை அச்சுறுத்துவது புதிதன்று. அமெரிக்கக் கறுப்பின இளைஞரின் ‘கேங்ஸ்டா ராப்’ இதற்குச் சான்று. கலிபோர்னியாவின் காம்ப்டன் நகரில் தோன்றிய என்.டபிள்யூ.ஏ. குழு, 1988இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் காவலர்தம் கொடுமையைக் கடுஞ்சொற்களால் சாடியது. மறு ஆண்டே எஃப்.பி.ஐ. உயரதிகாரி ஒருவர் அவர்தம் இசைத்தட்டு நிறுவனத்திற்குக் கண்டனக் கடிதம் விடுத்தார்.

1991இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவலர் ராட்னி கிங்கை அடித்து வீழ்த்திய வீடியோப் படத்தை உலகமே கண்டது. 1992 ஏப்ரலில் மாநில நீதிமன்றம் எவரையும் தண்டியாதது கண்டு நகரம் கலவரத்தில் எரிந்தது. வசையெனப்பட்டது வாக்குமூலமே என்பது புலனாயிற்று.

ஆயினும், அந்நாவே பெண்ணை இழித்தும் பாடியது. அவ்விழிமொழியை 1993இல் குயின் லத்தீஃபா ராப் பாடலாலேயே கண்டித்தார். அப்பாடல் 1995இல் கிராமி விருது பெற்றது. தன் காயத்தைப் பாடுவோன் பிறர் காயத்தையும் காணல் வேண்டும். கவிஞர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது இதுவே.